ஏரியில போட் விட்டா டூரிசம் ஆயிடுமா? பெங்களூர் ஏரிகள், பஃபர் ஜோன், கரகம் – ஒரு விளக்கம்

பெங்களூர்ல ஏரி பத்தி நியூஸ் வந்தாலே குழப்பம்தான். ஒரு பக்கம் ஏரியைச் சுத்தி நடைபாதை, லைட்டு, போட்டிங், டூரிசம் வளரப் போகுதுன்னு அறிவிப்பு வருது. இன்னொரு பக்கம் அதே வாரத்துல பஃபர் ஜோனை, அதாவது ஏரிக்கரையை ஒட்டி கட்டடம் கட்டாம விடற இடத்தை, குறைக்கறாங்க, ஏரி செத்துப்போகும்னு எதிர்ப்பு வருது. அல்சூர், சிவாஜிநகர், ஃப்ரேசர் டவுன் பக்கம் தலைமுறையா இருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேர் கேக்கறது ஒரே கேள்விதான், ஏரியைச் சுத்தம் பண்ணி நாலு பேர் வந்து பாக்கற மாதிரி ஆக்குனா நல்லதுதானே, இதுல என்ன தப்பு?

தப்பு இல்ல. ஆனா ஏரியை அழகுபடுத்தறது வேற, ஏரியை உயிரோட வெக்கறது வேற, ரெண்டும் ஒரே பேர்ல நடக்கறதாலதான் பேசறவங்க ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குப் புரிய மாட்டேங்குது. இதைப் பிரிச்சுப் பாக்கணும்னா முதல்ல இந்த ஊரோட நிலம் எப்படி அமைஞ்சிருக்குன்னு தெரியணும், அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

1. ஆறு இல்லாத ஊரு

சென்னைக்குக் கூவமும் அடையாறும் இருக்கு, டெல்லிக்கு யமுனை இருக்கு. பெங்களூர் நடுவுல பெரிய ஆறு எதுவும் ஓடல. கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டருக்கு மேல இருக்கற மேட்டு நிலம் இது. பெய்யற மழை இங்க நிக்காது, மூணு பள்ளத்தாக்கு வழியா வெளிய ஓடிடும்.

1. கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கு: கிழக்கு, தென்கிழக்குப் பக்கம் போகுது. அல்சூர் ஏரி இதுல சேந்தது.
2. ஹெப்பால் பள்ளத்தாக்கு: வடக்கு, வடகிழக்குப் பக்கம்.
3. விருஷபாவதி பள்ளத்தாக்கு: மேற்கு, தென்மேற்குப் பக்கம்.

முதல் ரெண்டும் தட்சிண பினாகினில போய் சேருது, அதாவது நம்ம தென்பெண்ணை. மூணாவது அர்க்காவதில சேந்து, அது கனகபுரா தாண்டி சங்கமாங்கற இடத்துல காவேரில கலக்குது. ஆக பெங்களூர்ல எந்த மூலைல தண்ணி ஊத்துனாலும் கடைசில தமிழ்நாட்டுக்குத்தான் வருது. இதை மனசுல வெச்சுக்கங்க, கட்டுரை முடியறப்ப தேவைப்படும்.

ஓடிப்போற மழையைப் பிடிச்சு வெக்கத்தான் ஏரிகள். 1537ல கெம்பேகவுடா பேட்டையை, அதாவது பழைய பெங்களூரை, கட்டுனப்பவும் சரி, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சரி, இங்க ஊர் வெச்சவங்க எல்லாரும் பள்ளத்துக்குக் குறுக்க கரை போட்டு ஏரி வெட்டிக்கிட்டே வந்தாங்க. மேல இருக்கற ஏரி ரொம்புனா கோடி வழியா வழிஞ்சு கால்வாய்ல ஓடி கீழ இருக்கற ஏரிக்குப் போகும், அது ரொம்புனா அதுக்கும் கீழ. நம்ம ஊர்ப்பக்கம் கலிங்கு, மறுகால்னு சொல்றதைத்தான் இங்க கோடிங்கறாங்க, அந்தக் கால்வாய்க்குப் பேரு ராஜகாலுவே. எந்த வயலுக்கு எப்ப எவ்வளவு தண்ணி விடணும்னு பாத்துக்க நீருகண்டின்னு ஒரு ஆள் பரம்பரையா இருந்தாரு.

ஒரு ஏரியோட உடம்பு எப்படி இருக்கும்னும் பாத்துரணும், ஏன்னா இப்ப நடக்கற சண்டையில பாதி இதைப் பத்தினது. பழைய ஏரிக்கு நாலு பக்கமும் கரை கிடையாது. தாழ்வான பக்கம் மட்டும்தான் மண்கரை, கல் பதிச்சு உசரமா இருக்கும். தண்ணி உள்ள வர்ற பக்கம் ஆழமே இல்லாம, வயலோட வயலா சரிஞ்சு வந்து தண்ணில இறங்கும். மழைக்காலத்துல அந்தச் சரிவு முழுக்கத் தண்ணி நிக்கும், வெயில் காலத்துல பின்வாங்கும், அப்ப அந்த ஈர மண்ணுல கீரை போடுவாங்க, மாடு மேய்ப்பாங்க, கொக்கும் நாரையும் இறங்கி நிக்கும். கோரையும் நாணலும் அங்கதான் வளரும், வர்ற தண்ணில இருக்கற அழுக்கை முதல்ல வடிகட்டறதும் அந்தச் சதுப்புதான். பாக்க ஒண்ணும் அழகா இருக்காது, சேறா இருக்கும். ஏரிக்கு மூச்சு அங்கதான் இருக்கு.

2. தேவை போனதும் ஏரி காலி மனையா ஆச்சு

1890கள்ல ஹெசரகட்டால இருந்து குழாய்ல தண்ணி வந்துச்சு. 1933ல திப்பகொண்டனஹள்ளி அணை. 1974ல காவேரி முதல் கட்டம். ஒவ்வொரு தடவையும் தண்ணி இன்னும் தூரத்துல இருந்து வர வர, பக்கத்துல இருக்கற ஏரி யாருக்கும் தேவைப்படாமப் போச்சு. தேவைப்படாத ஏரி அதிகாரிங்க கண்ணுக்கு வெறும் நிலமாத் தெரிஞ்சுது, அதுவும் ஊருக்கு நடுவுல, விலை கொடுக்க வேண்டாத நிலம்.

- தர்மாம்புதி ஏரி இன்னிக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு.
- சம்பங்கி ஏரி இன்னிக்கு கண்டீரவா ஸ்டேடியம்.
- சூளே ஏரி ஃபுட்பால் ஸ்டேடியம் ஆச்சு, அக்கிதிம்மனஹள்ளி ஏரி ஹாக்கி ஸ்டேடியம் ஆச்சு.
- கோரமங்களா ஏரி இருந்த இடத்துல நேஷனல் கேம்ஸ் வில்லேஜ் அபார்ட்மென்ட்டுங்க.

ஊருல இருந்து வர்ற நம்ம சொந்தக்காரங்க பஸ்ல மெஜஸ்டிக்ல இறங்கறப்ப ஒரு ஏரியோட அடிமண்ணு மேலதான் இறங்கறாங்க.

மிச்சம் இருக்கற ஏரிங்களுக்கு வேற ஒரு வேலை வந்துச்சு, சாக்கடை வாங்கறது. எஞ்சினியருங்க ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, வீட்டுக்குப் போற தண்ணில சுமார் 80 சதவீதம் கழிவுநீரா திரும்பி வரும். 2024 அக்டோபர்ல தொடங்குன காவேரி 5ம் கட்டம் 775 எம்எல்டி, அதாவது ஒரு நாளைக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதல் தண்ணி கொண்டு வருது. ஏற்கனவே வந்துகிட்டிருந்த 1,450 எம்எல்டியோட சேத்தா 2,225. நூறு கிலோமீட்டர் தூரத்துல இருந்து சுமார் 500 மீட்டர் உசரத்துக்குப் பம்ப் பண்ணிக் கொண்டு வர்ற தண்ணி இது, வந்தது நல்லதுதான், புறநகர்ல 110 கிராமங்களுக்கு அதான் குடிநீர். ஆனா அந்த 775லயும் 80 சதவீதம், 600 எம்எல்டிக்கு மேல, சாக்கடையாத் திரும்பும். அது போறதுக்குக் குழாயும் எஸ்டிபியும் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) சரியா இல்லாத இடத்துல ராஜகாலுவேல இறங்கும், ராஜகாலுவே ஏரிக்குப் போகும்.

அதனால ஒரு விசித்திரமான நிலைமை. 2024 மார்ச்சுல ஊருல தண்ணிப் பஞ்சம், அரசு கணக்குப்படி 13,900 போர்வெல்ல 6,900 வறண்டு போச்சு, குடிநீர்ல கார் கழுவுனா 5,000 ரூபாய் ஃபைன் போட்டாங்க. அந்த நேரத்துலயும் பெல்லந்தூர் மாதிரி ஏரிக்குக் கழிவுநீர் வரத்து நிக்கல. நல்ல தண்ணிக்குத்தான் பஞ்சம்.

3. அல்சூர் ஏரியைக் கிட்டப் போய்ப் பாத்தா

அல்சூர் ஏரி சுமார் 120 ஏக்கர். ஒரு பக்கம் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்போட ராணுவ இடம், ஒரு பக்கம் கென்சிங்டன் ரோடு. கன்டோன்மென்ட் 1809ல உருவானதுல இருந்து பட்டாளத்தோடயும் பட்டாளத்துக்கு வேலை செய்யவும் வந்த தமிழ்க் குடும்பங்க குடியேறுன பகுதி இது. பக்கத்துலயே பெங்களூர் தமிழ்ச் சங்கம், திருவள்ளுவர் சிலை. 1991ல இருந்து மூடியே கிடந்த அந்தச் சிலையை 2009 ஆகஸ்ட் 9ம் தேதிதான் திறந்தாங்க, நாலு நாள் கழிச்சு சென்னை அயனாவரத்துல கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை. ரெண்டு மாநிலமும் கை குடுத்துக்கிட்ட இடம்னு சொல்லி வெளியூர்ல இருந்து வர்றவங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டறவங்க இன்னிக்கும் உண்டு.

காலைல வாக்கிங் போறவங்க பாக்கற ஏரி அழகாத்தான் இருக்கு, தீவு, மரம், கூழைக்கடா, நீர்க்காகம். ஆனா கால்வாய் உள்ள வர்ற முனைல நின்னு பாருங்க. இரும்புக் கம்பி வலை போட்டிருப்பாங்க, அதுல பால் கவரு, தெர்மாகோல், செருப்பு, பூமாலை, தண்ணி பாட்டில் எல்லாம் மாட்டிக்கிட்டு நிக்கும். வலைக்கு இந்தப் பக்கம் தண்ணி சாம்பக் கலர்ல இருக்கும். குப்பையை வலை நிறுத்திடும், ஆனா அந்தச் சாம்பக் கலரை எந்த வலையும் நிறுத்தாது. கொஞ்சம் தள்ளிப் பாத்தா தண்ணி பச்சையா மாறியிருக்கும். அந்தப் பச்சை செழிப்பு இல்ல. கழிவுல இருக்கற நைட்ரஜனும் பாஸ்பேட்டும் பாசிக்கு உரமாகி, அது வளந்து செத்து அழுகறப்ப தண்ணில கரைஞ்சிருக்கற ஆக்சிஜனை உறிஞ்சிடும். 2016 மார்ச்சுல இதே ஏரில ஆயிரக்கணக்குல மீன் செத்து மிதந்துச்சு. நடைபாதை அப்பவும் இருந்துச்சு, வேலியும் இருந்துச்சு.

அழகுபடுத்துன ஏரிக்கும் உயிரோட இருக்கற ஏரிக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா இதைத்தான் காட்டுவேன்.

4. கரகம்: ஏரி போனா கூட எது எது போகும்

டூரிசம் கட்டுரையில கரகம் எதுக்குன்னு கேக்கலாம். பெங்களூரோட அடையாளம்னு சர்க்காரே விளம்பரம் பண்ற விழா இது. சித்ரா பௌர்ணமி ராத்திரி திகளரபேட்டை தர்மராய சுவாமி கோயில்ல இருந்து திரௌபதியோட சக்தியா மல்லிகைப்பூ கோபுரம் மாதிரி கரகத்தைத் தலைல தூக்கிக்கிட்டு, கையால தொடாம, பேட்டைத் தெரு முழுக்க வருவாங்க. முன்னாடி வீரகுமாரருங்க உருவுன கத்தியோட ஓடுவாங்க. காட்டன்பேட்டைல ஹஸ்ரத் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் கரகம் போகும். ஒரே ராத்திரில லட்சக்கணக்கான ஜனங்க.

இதை நடத்தற திகளர் சமூகம் தோட்டக்காரங்க. தமிழ்ப் பகுதில இருந்து பல தலைமுறைக்கு முன்னாடி வந்தவங்க, அவங்க பேச்சுல தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் கலந்திருக்கும். வட தமிழ்நாட்டுல, செஞ்சி பக்கமெல்லாம், திரௌபதி அம்மன் கோயிலும் தீமிதியும் எவ்வளவு முக்கியம்னு தெரிஞ்சவங்களுக்கு இந்தச் சொந்தம் உடனே புரியும். அதுக்காக இதை நம்ம விழான்னு உரிமை கொண்டாடறது சரியில்ல, இது பெங்களூர் விழா, பேட்டையோட விழா, அவங்க இந்த மண்ணுக்காரங்களாகி எத்தனையோ தலைமுறை ஆச்சு.

கரகத்துல ஒரு முக்கியமான சடங்கு ஹசி கரகம். அது தண்ணிக்கரைல நடக்கணும். அந்தத் தண்ணி சம்பங்கி ஏரி. பேட்டைக்கும் கன்டோன்மென்ட்டுக்கும் நடுவுல இருந்த அந்த ஏரித் தண்ணிலதான் சுத்துவட்டாரத் தோட்டங்கள்ல காயும் பூவும் விளைஞ்சுது. ஏரியோட கரகத்துக்கு இருந்த உறவு பக்தி மட்டும் இல்ல, அவங்க சோறே அந்தத் தண்ணிலதான். இன்னிக்கு ஸ்டேடியம் பக்கத்துல ஒரு சின்ன சதுரக் குளத்தை மட்டும் விட்டு வெச்சிருக்காங்க, கரகத்துக்காக. சடங்கு நிக்கல, ஆனா அந்த ஏரியை நம்பி இருந்த தோட்டமும் தொழிலும் போயிடுச்சு. விழா மட்டும் மிஞ்சி, அது பிறந்த வாழ்க்கை போயிட்டா, கொஞ்ச காலத்துல அது வந்து பாக்கறவங்களுக்காக நடக்கற நிகழ்ச்சியா மாறிடற ஆபத்து இருக்கு. கரகம் இன்னும் அப்படி ஆகலன்னா அதுக்குக் காரணம் அந்தச் சமூகம் விடாம விரதம் இருந்து, செலவு பண்ணி, பரம்பரையா நடத்தறதுதான். டூரிசம் துறையால இல்ல.

லால்பாக்கும் இதே கதைதான். ஹைதர் அலி 1760ல ஆரம்பிச்ச அந்தத் தோட்டத்துக்கு உழைச்ச தோட்டக்காரக் கைங்க திகளர்கள். இன்னிக்கு குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதுது, அந்தக் கைங்களைப் பத்தி ஒரு பலகை படிக்கறவங்க எத்தனை பேரு?

5. 'சஸ்டெய்னபிள் டூரிசம்'னா என்ன

ஐ.நா.வோட சுற்றுலா அமைப்பு சொல்ற விளக்கத்தைச் சுருக்கமா சொன்னா, இன்னிக்கும் நாளைக்கும் வர்ற பொருளாதார, சமூக, சுற்றுச்சூழல் விளைவு எல்லாத்தையும் கணக்குல எடுத்து, வர்றவங்க, தொழில் பண்றவங்க, இயற்கை, அந்த ஊரு ஜனங்க, இந்த நாலு பேரோட தேவையையும் பாக்கற சுற்றுலா.

மலை ஊர்ல இதை ஓரளவு சுலபமா அளக்கலாம், தாங்கு திறன்னு ஒண்ணு வெச்சு, அதாவது அந்த இடம் எத்தனை பேரைத் தாங்கும்ங்கற கணக்கு. பெங்களூர்ல இருந்து வீக்கெண்டு ஊட்டி போறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். மெட்ராஸ் ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துச்சு, 2025 ஏப்ரல்ல இருந்து சீசனுக்கு நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, வீக்கெண்டுல 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000ன்னு உச்சவரம்பும் போட்டாங்க. சரியோ தப்போ, அங்க வாசல்னு ஒண்ணு இருக்கு, எண்ண முடியுது.

நகரத்துக்கு அந்த மாதிரி வாசல் கிடையாது. ஏரியைச் சுத்திப் பாக்க வர்ற 500 பேரால அந்த ஏரி கெடாது. அதைக் கெடுக்கறது மேல் பகுதில இருக்கற வீடு, ஹோட்டல், கம்பெனி, ஆஸ்பத்திரி எல்லாத்தோட கழிவு. அதனால டிக்கெட் போட்டு, நேரம் வெச்சு, கூட்டத்தைக் குறைச்சா ஏரி பிழைச்சுக்கும்னு நினைக்கறது தப்பான மருந்து. இந்த ஒரு விஷயம் புரியாமத்தான் பல கோடி ரூபாய் வேலியிலயும் கேட்டுலயும் போகுது.

6. ஏற்கனவே செஞ்சு பாத்த பரிசோதனை

ஏரியைத் தனியார்கிட்ட குடுத்தா அவங்க சுத்தமா வெச்சுப்பாங்க, டூரிசம் வருமானமும் வரும்ங்கற யோசனை புதுசு இல்ல. 2002ல கர்நாடகால ஏரி மேம்பாட்டு ஆணையம்னு ஒண்ணு வந்து, ஹெப்பால், நாகவாரா, அகரா மாதிரி ஏரிகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டாங்க. போட்டிங், ரெஸ்டாரன்ட், நுழைவுக் கட்டணம். 2008ல எதிர்த்துப் பொதுநல வழக்கு போச்சு. நீதிபதி என்.கே.பாட்டில் தலைமைல கமிட்டி போட்டு, 2012 ஏப்ரல்ல கர்நாடக ஐகோர்ட் தீர்ப்பு குடுத்துச்சு. ஏரி பொதுச்சொத்து, அரசு அதுக்குக் காவல்தான், அதை வியாபாரத்துக்குத் தூக்கிக் குடுக்கற உரிமை இல்லங்கறதுதான் அதோட சாரம்.

இங்க கவனிக்க வேண்டியது சட்டத்தை விட, யாருக்கு என்ன போச்சுங்கறது. ஏரியை நம்பி இருந்தவங்க மீன் பிடிக்கறவங்க, துணி வெளுக்கறவங்க, மாட்டுக்குப் புல் அறுக்கறவங்க, கரைமேல இருக்கற கங்கம்மா கோயிலுக்குப் பொங்கல் வெக்கறவங்க. இவங்க யாரும் டிக்கெட் வாங்கி வர்ற ஆளுங்க இல்ல. வேலி போட்டு, காலைல கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் கேட்டு திறப்போம்னு சொன்னா வாக்கிங் போறவங்களுக்கு அது போதும், புல் அறுக்கற அம்மாவுக்குப் போதாது. ஏரியைப் பாத்துக்கிட்டிருந்த கண்ணுங்க இவங்களோடது. கால்வாய்ல ராத்திரி டேங்கர் லாரி கழிவைக் கொட்டுனா முதல்ல தெரியறது வலை போடறவருக்குத்தான். அவரை வெளிய அனுப்பிட்டு செக்யூரிட்டி கார்டு வெச்சா அந்தக் கார்டு பாக்கறது கேட்டைத்தான், தண்ணியை இல்ல.

புனரமைப்புன்னு பண்றதுலயும் ஒரு பெரிய கோளாறு உண்டு. முதல்ல சொன்னேனே, தண்ணி வர்ற பக்கம் ஆழமில்லாத சரிவு, அதைத் தோண்டி எடுத்துட்டு நாலு பக்கமும் கரை கட்டி, சுத்தி நடைபாதை போட்டுடறாங்க. சூப் கிண்ணம்னு இதுக்கு இங்க கேலிப்பேரே உண்டு. ஏரி பெருசாத் தெரியும், வருஷம் முழுக்க தண்ணி நிக்கும், போட்டோ நல்லா வரும். ஆனா சதுப்பு போச்சு, வடிகட்டி போச்சு, கால் ஊணி நிக்கற பறவைக்கு இடம் போச்சு. அழுக்குத் தண்ணி நேரா ஆழத்துக்குப் போகுது.

7. பஃபர் ஜோன் சண்டை எதைப் பத்தி

ஏரிக்கரையில இருந்து குறிப்பிட்ட தூரத்துக்குக் கட்டடம் கட்டக் கூடாதுன்னு விடற இடம்தான் பஃபர். அது எவ்வளவுங்கறது மாறிக்கிட்டே வந்திருக்கு, குழப்பத்துக்குக் காரணமே அதுதான். வரிசையா:

1. 2015 வரைக்குமான மாஸ்டர் பிளான், 2007ல வந்தது: ஏரிக்கு 30 மீட்டர். ராஜகாலுவேக்கு முதல் நிலை 50, ரெண்டாம் நிலை 25, மூணாம் நிலை 15 மீட்டர், கால்வாயோட நடுவுல இருந்து அளக்கணும்.
2. 2016 மே மாசம் பசுமைத் தீர்ப்பாயம், அதாவது என்ஜிடி, ஏரிக்கு 75 மீட்டர் ஆக்குச்சு, கால்வாய்க்கும் கூட்டி, நடுவுல இருந்து இல்லாம ஓரத்துல இருந்து அளக்கச் சொல்லுச்சு.
3. 2019 மார்ச்சுல சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணுச்சு. மாஸ்டர் பிளானை மாத்தற அதிகாரம் என்ஜிடிக்கு இல்லங்கறதுதான் காரணம், 75 மீட்டர் தேவையில்லன்னு சொல்லல. திரும்பவும் 30 மீட்டர்.
4. 2025 ஆகஸ்ட்ல கர்நாடக சட்டசபைல ஏரி பாதுகாப்பு சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா நிறைவேறுச்சு. எல்லா ஏரிக்கும் ஒரே 30 மீட்டர்னு இல்லாம, ஏரி சின்னதாக ஆக பஃபரும் குறையும். பஃபருக்குள்ள ரோடு, பாலம், குழாய் மாதிரி பொது வேலைக்கும் இடம் குடுக்குது.

ஆதரிக்கறவங்க வாதம் ஒண்ணு இருக்கு, ஒரு ஏக்கர் குட்டைக்கும் 900 ஏக்கர் பெல்லந்தூருக்கும் ஒரே அளவு எதுக்குன்னு. கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா அது ஏரியைத் தனித்தனியா நிறுத்தி அளக்கற பார்வை. சங்கிலில மேல இருக்கறது பெரும்பாலும் சின்ன ஏரிங்கதான், அதுங்கதான் வேகமா வர்ற மழைத் தண்ணியை முதல்ல தடுத்து வண்டலைப் படிய வெச்சு கீழ அனுப்பும். சின்னதைச் சுத்தி நெருக்கிக் கட்டிட்டா கீழ இருக்கற பெருசுக்குத்தான் அடி. 2022 செப்டம்பர்ல ஐடி காரிடார்ல பங்களாவுக்குள்ள படகு விட்டு ஆளைக் கூட்டிட்டு வந்தாங்களே, அந்த வெள்ளம் இப்படி அடைச்ச கால்வாய்லயும் நெருக்குன ஏரிலயும் பொறந்ததுதான். என் கருத்து, அளவை ஏரியோட பரப்பு வெச்சு முடிவு பண்ணக் கூடாது, சங்கிலில அது எங்க இருக்குங்கறதை வெச்சு முடிவு பண்ணணும்.

டூரிசத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் நேரடியானது. நடைபாதை, பார்க்கிங், உணவுக் கடை எல்லாம் வர்றது இந்த பஃபர்லதான். அது சுருங்கச் சுருங்க சதுப்புக்கு இருக்கற இடம்தான் முதல்ல போகும்.

8. ஒழுங்கா நடந்த இடம்: ஜக்கூர்

வடக்க இருக்கற ஜக்கூர் ஏரி சுமார் 160 ஏக்கர். இங்க பண்ணது ரொம்ப சாதாரண விஷயம், ஆனா வரிசை சரியா இருந்துச்சு. முதல்ல மேல 10 எம்எல்டி எஸ்டிபி. அதுல சுத்திகரிச்ச தண்ணி நேரா ஏரிக்குப் போகல, நாணலும் கோரையும் வளத்த சதுப்புக்குள்ள மெதுவா ஊறிப் போகுது. எஸ்டிபி எடுக்காம விட்ட நைட்ரஜன், பாஸ்பேட்டை அந்தச் செடிங்க வேர்ல இழுத்துக்குது. அப்புறம்தான் ஏரி. ஏரி ரொம்பறதால சுத்துப்பக்கக் கிணத்துலயும் தண்ணி ஊறுது.

அங்க மீன் பிடிக்கறவங்க இன்னும் மீன் பிடிக்கறாங்க. பறவை பாக்க வர்றவங்களும் வர்றாங்க. யாரும் டூரிசம் ஸ்பாட் பண்ணணும்னு ஆரம்பிக்கல, தண்ணியைச் சரி பண்ண ஆரம்பிச்சாங்க, பாக்கறதுக்கு ஆளுங்க தானா வந்தாங்க. குறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். எஸ்டிபி ஓடற வரைக்கும்தான் இது ஓடும், சதுப்புல படியற சேத்தையும் வளந்து நிக்கற செடியையும் அப்பப்ப அள்ளலன்னா அதுவே அழுகி ஏரியைக் கெடுக்கும். ரிப்பன் வெட்டறதுக்குக் கெடைக்கற காசு இந்த அள்ளற வேலைக்குக் கெடைக்கறதில்ல.

9. புதுசா ஒரு ஏரித் திட்டம் அறிவிச்சா கேக்க வேண்டியது

2025 செப்டம்பர்ல இருந்து பெங்களூர் மாநகராட்சி அஞ்சாப் பிரிஞ்சு கிரேட்டர் பெங்களூர் ஆணையத்துக்குக் கீழ வந்திருக்கு. ஏரியும் கால்வாயும் மாநகராட்சி எல்லையைப் பாத்து ஓடறதில்ல, அதனால யார்கிட்ட கேக்கறதுங்கற குழப்பம் இன்னும் கூடும். என்ன கேக்கறதுங்கறதுலயாவது நமக்குத் தெளிவு இருக்கணும்.

1. ஏரிக்குள்ள வர்ற ஒவ்வொரு கால்வாய்லயும் என்ன தண்ணி வருது, கழிவுநீரைத் திருப்பிவிட அல்லது சுத்திகரிக்கத் திட்டத்துல எவ்வளவு பணம், நடைபாதைக்கும் லைட்டுக்கும் எவ்வளவு பணம்? இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல வெச்சாலே திட்டம் எப்படிப்பட்டதுன்னு தெரிஞ்சிடும்.
2. தண்ணி வர்ற பக்கம் சரிவா விடறாங்களா, கரை கட்டி அடைக்கறாங்களா? வரைபடத்துல சுத்தி முழு வட்டமா நடைபாதை இருந்தா அடைச்சிட்டாங்கன்னு அர்த்தம்.
3. இப்ப அந்த ஏரியைப் பயன்படுத்தறவங்க யாரு, அவங்களுக்குத் தனி நேரமும் வழியும் இருக்கா? பிள்ளையார் கரைக்க அல்சூர்ல கல்யாணின்னு தனிக் குளம் இருக்கற மாதிரி, மத்தவங்க தேவைக்கும் இடம் விட முடியும்.
4. கட்டணம் வசூலிச்சா அந்தக் காசு ஏரியைத் தூர்வாரப் போகுதா, பொதுக் கஜானாவுக்குப் போகுதா?
5. கோடில இருந்து, அதாவது ஏரி ரொம்பி வழியற இடத்துல இருந்து, வெளிய போற தண்ணியை யாராவது அளக்கறாங்களா?

கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேக்கறதில்ல. அல்சூர்ல இருந்து வழியற தண்ணி பெல்லந்தூருக்குப் போகுது, அங்கிருந்து வர்த்தூர், அங்கிருந்து தென்பெண்ணை. பெல்லந்தூர்ல 2015, 2017, 2018ல நுரையும் தீயும் வந்து உலகம் பூரா வீடியோ ஓடுச்சு, 2018 டிசம்பர்ல என்ஜிடி கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு. நுரை எப்படி வருதுன்னா, சோப்புத் தூள்ல இருக்கற ரசாயனம் கழிவோட ஏரிக்கு வந்து அடிச்சேத்துல படிஞ்சு சேந்துகிட்டே இருக்கும், பெரிய மழை வந்து அந்தச் சேத்தைக் கலக்குனதும், தண்ணி கோடில உசரத்துல இருந்து விழற வேகத்துல, மொத்தமும் நுரையாப் பொங்கும்.

அந்தத் தண்ணி கர்நாடக எல்லை தாண்டி முதல்ல தேங்கற இடம் ஓசூர் பக்கத்துல கெலவரப்பள்ளி அணை. அங்கயும் மழைக்காலத்துல மதகு திறந்தா தென்பெண்ணைல வெள்ளை நுரை மலையாக் குவியுது, தரைப்பாலத்தை மூடுது, அந்தப் பாசனத்தை நம்பி இருக்கற விவசாயிங்க வருஷா வருஷம் புகார் குடுக்கறாங்க. அப்புறம் அதே ஆறு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணைன்னு தாண்டி கடலூர்ல கடல்ல கலக்குது. அல்சூர் ஏரியில போட் விடலாமா வேண்டாமாங்கற கூட்டத்துக்கு ஓசூர் விவசாயி ஒருத்தரையும் கூப்பிடணும், கோடித் தண்ணியோட சோதனை முடிவு மாசா மாசம் ரெண்டு மொழியிலயும் வெளிய வரணும்.